மூன்றாவது வரியில் ஒரு அயர்லாந்துக்காரர்

கட்டுகஸ்தோட்டை,
ஞாயிற்றுக்கிழமை, மத்தியானம்.

என் வீட்டுக்காரரின் கூடப்பிறந்த தம்பியும் கனடாவில் குடியிருப்பவருமான கணேசுக்கு, அண்ணி கஜலட்சுமி ஆசீர்வாதத்தோடு எழுதிக்கொள்வது. கதிர்காமத்து முருகன் புண்ணியத்தில் நானும் மகன் தினுஷனும் இங்கே இருக்கிறோம். முட்டுவலி இருக்கிறது, மழை இருக்கிறது, கரண்ட் சில நேரம் இருக்கிறது. நீயும் உன் சம்சாரமும் பிள்ளைகளும் சளி காய்ச்சல் இல்லாமல் இருக்க அதே முருகன் துணை. சுகம் விசாரிப்பது இத்தோடு முடிந்தது. இனி விஷயம்.

போனில் சொல்ல வேண்டியதை ஏன் அண்ணி எழுதுகிறாள் என்று கேட்பாய். போனில் நான் மூன்று வசனம் பேசி முடிப்பதற்குள் "அண்ணி, ஒரு மீட்டிங் வருது, பொறகு எடுக்கிறேன்" என்று வைத்துவிடுகிறாய். நான் இந்தக் குடும்பத்துக்கு மருமகளாக வந்தபோது உனக்குப் பன்னிரண்டு வயது. ஞாயிற்றுக்கிழமை தோறும் உன் பள்ளிக்கூடச் சப்பாத்துக்கு வெள்ளை பூசிக் காயவைத்தவள் நான். அப்போது உனக்கு மீட்டிங் இல்லை. கடிதத்தை நடுவில் வெட்ட முடியாது, அதனால் எழுதுகிறேன். தோட்டத்துப் பள்ளிக்கூடத்தில் ஐந்தாம் வகுப்போடு நின்றவள் எழுதுவது, பிழை இருக்கும். பிழையைப் பார்க்காதே, விஷயத்தைப் பார். பக்கத்து வீட்டு ரபீகா இதைப் போனில் படம் பிடித்து உனக்கு அனுப்புவதாகச் சொல்லியிருக்கிறாள்.

இதெல்லாம் உன் எச்சிலில் தொடங்கியது. ஒரு குழாயில் துப்பி, அதைத் தபாலில் போட்டு, உன் உடம்பில் நூற்றுக்குப் பன்னிரண்டு பங்கு அயர்லாந்து என்று பதில் வந்ததாம். அதைச் சொல்ல, அடுப்பில் பருப்பு பொங்கிக்கொண்டிருந்த நேரத்தில் எனக்குப் போன் எடுத்தாய். இது எங்களுக்குத் தெரியாத புதினமா? உன் அண்ணனுக்குப் பூனைக்கண். காது இரண்டும் சொளகு மாதிரி. வெயிலில் போய் வந்தால் கழுத்து அவித்த இறால் போலச் சிவந்துகிடக்கும். மாநகர சபையில் முப்பது வருஷம் வீடு வீடாகத் தண்ணீர் மீட்டர் பார்த்த மனுஷனை "துரை வாறாரு, பைப்ப மூடு" என்றுதான் கண்டி முழுக்கச் சொல்வார்கள். உன் அப்பா முத்தையா. அவரைப் பெற்றவர் வெள்ளையன். அந்த வெள்ளையனைப் பெற்றவர், அயர்லாந்திலிருந்து கப்பலேறித் தோட்டத்துக்கு வந்த ஒருவர், பெயர் தெரியாது. இவ்வளவையும் என்னைப் பெண் பார்க்க வந்தபோதே உங்கள் அம்மா ஒரு தட்டு லட்டை வைத்துக்கொண்டு சொல்லிவிட்டார். அதற்கு எச்சில் தேவைப்படவில்லை.

அதோடு விட்டாயா? உன் அண்ணன் போய் மூன்றாம் மாதம், "அண்ணி, அண்ணனோட சீப்புல முடி இருக்குமா, ஒரு கவர்ல போட்டு அனுப்புறீங்களா" என்று கேட்டாய். இருந்தது. நாலு முடி. நான் அந்தச் சீப்பை அவருடைய வெள்ளைச் சட்டையில் சுற்றி அலுமாரியில் வைத்துப் பூட்டிவிட்டேன். அந்த நாலு முடியும் எந்த நாட்டுக்கும் போகாது. உனக்கு வேண்டுமானால் இன்னும் துப்பு.

உன் அண்ணன் போன காலையை நான் உனக்கு ஒழுங்காகச் சொன்னதே இல்லை, நீ கேட்கவும் இல்லை. பேக்கரிக்குப் போய் ஒரு ராத்தல் பாண் வாங்கி வந்து மேசையில் வைத்தார். "சூடா இருக்கு, வெட்டு" என்றார். நான் கத்தியை எடுத்துக்கொண்டு திரும்பினேன். கதிரையில் உட்கார்ந்திருந்தார், ஆனால் ஆள் இல்லை. அந்தப் பாண் என்ன ஆனது என்று இன்றைக்கும் எனக்குத் தெரியாது. வந்த சனத்தில் யாரோ சாப்பிட்டிருப்பார்கள். அதற்குப் பிறகு இந்த வீட்டுக்குள் பாண் வரவில்லை, ரொட்டிதான் சுடுகிறேன். நீ அப்போது வரவில்லை. டிக்கட், லீவு, பிள்ளைகளுக்குப் பரீட்சை. நான் ஒன்றும் சொல்லவில்லை. "வருஷத் திவசத்துக்குக் கட்டாயம் வாறேன் அண்ணி" என்றாய். கலண்டரில் குறித்து வைத்திருக்கிறேன். அடுத்த மாதம் பதினெட்டாம் திகதி.

இப்போது ஐயர் விஷயம். முப்பத்தொன்றாம் நாள் கிரியையில் யாழ்ப்பாணத்திலிருந்து வந்த புது ஐயர், தினுஷனைத் தர்ப்பையோடு இருத்தி, "செத்தவரின்ர தகப்பன், பாட்டன், பூட்டன், மூண்டு பேரையும் சொல்லுங்கோ" என்றார். முத்தையா என்றான். வெள்ளையன் என்றான். மூன்றாவதற்கு வாயைப் பிளந்துகொண்டு என்னைப் பார்த்தான். நான் யாரைப் பார்ப்பது? பார்க்க வேண்டிய ஆள் படத்தில் மாலையோடு இருந்தார். ஐயர் என்னவோ வாய்க்குள் சொல்லித் தண்ணீரை விடவைத்தார். அந்தத் தண்ணீர் யாருக்குப் போனதோ என்று எனக்கு அன்றிலிருந்து நிம்மதி இல்லை. வருஷத் திவசத்துக்கு நாள் குறிக்கப் போனபோது அவர், "அம்மா, இந்த முறை மூண்டு பேரும் வடிவா எழுதிக்கொண்டு வாங்கோ" என்று ஒரு கடுதாசித் துண்டைக் கையில் தந்தார். அதில் மூன்று கோடு. இரண்டை நிரப்பிவிட்டேன். மூன்றாவது வெறுமையாக இருக்கிறது. தாகத்தோடு போன மனுஷனுக்கு அவருடைய ஆட்களே வழிகாட்டாமல் விட்டுவிட்டால் நான் என்ன செய்வேன்? எனக்கு உன் அயர்லாந்து தேவை இல்லை, பன்னிரண்டு பங்கும் தேவை இல்லை. அந்தக் கோட்டில் எழுத ஒரு பெயர் வேண்டும். இவ்வளவுதான்.

அந்தப் பெயர் உன் அண்ணனுக்குத் தெரிந்திருந்தது. ஒவ்வொரு ஆடி அமாவாசைக்கும் முதல் இரண்டு பெயரையும் எல்லோருக்கும் கேட்கச் சொல்லுவார். மூன்றாவதை மட்டும் பழைய ஐயரின் காதில் சொல்லுவார். இங்கிலீஷ் பெயரைக் கோயிலில் சத்தமாகச் சொல்ல வெட்கமோ என்னவோ. ஒருமுறை கேட்டேன், "மூணாவதா என்ன பேரு சொல்றீங்க?" அவர் சொன்னார், "ஒனக்கெதுக்கு, நீயா தண்ணி எறைக்கப் போற?" அதோடு விட்டுவிட்டேன். விட்டது என் பிழை.

பழைய ஐயரைக் கேட்கலாம் என்றால் அவர் போன வருஷம் தை மாதமே இங்கிருந்து போய்விட்டார். எங்கே போனார்? கனடாவுக்கு. உன் வீட்டிலிருந்து நாற்பது நிமிஷம் கார் ஓட்டினால் வருகிற கோயிலுக்கு. மூன்று முறை சொன்னேன், போய்க் கேள் என்று. முதல் முறை பனி என்றாய். இரண்டாம் முறை காருக்கு டயர் மாற்ற வேண்டும் என்றாய். மூன்றாம் முறை, "அண்ணி, ஐயர் காதுல சொன்னதெல்லாம் ஆதாரம் ஆகாது, டொக்யுமென்ட் வேணும்" என்றாய். டொக்யுமென்ட் எடுக்க நான் புறப்பட்டேன். நீ நாற்பது நிமிஷம் கார் ஓட்டவில்லை என்பதற்காக நான் என்ன பாடு பட்டேன் என்று இனிமேல் படி.

முதலில் பதிவுக் கந்தோர். வெள்ளையனின் பிறப்புப் பதிவை எடுத்தால் தகப்பன் பெயர் இருக்கும் என்று ரபீகா சொன்னாள். அவள் சிங்களம் நன்றாகப் பேசுவாள், கூட வந்தாள். மூன்றாவது ஜன்னலில் இருந்த நோனா, நீங்கள் அவருக்கு என்ன முறை என்று கேட்டாள். பேரன் பெண்சாதி என்றேன். முத்தையாவின் மகனுக்குப் பெண்சாதி, அதாவது பேரனின் பெண்சாதி. இரத்த உறவு வேண்டும் என்றாள். சரி, பேரன் பெயரைச் சொல்லுங்கள் என்றாள். நான் எப்படி அவர் பெயரைச் சொல்வது? நான் ரபீகாவைப் பார்க்க, ரபீகா சொல்ல, அந்த நோனா "இந்த அம்மாவுக்குப் புருஷன் பேரே தெரியாது, அப்புறம் அந்தக் காலத்து ஆள் பேரத் தேடி வந்திருக்கு" என்று அடுத்த மேசைக்குச் சிங்களத்தில் சொன்னாளாம். ரபீகா அதைப் பஸ்ஸில்தான் எனக்குச் சொன்னாள், அங்கேயே சொன்னால் நான் சண்டை பிடிப்பேன் என்று பயந்து. பிறகு தினுஷன் பல்லேகல கார்மென்டில் அரைநாள் லீவு போட்டு வந்து கையெழுத்து வைத்தான். இரண்டு கிழமை, பதினாலு நாள், கழித்துப் பதிவு வந்தது. பிள்ளை பெயர் வெள்ளையன். தாய் பெயர் காத்தாயி. தகப்பன் பெயர் இருக்க வேண்டிய இடத்தில் ஒரு கோடு. நல்ல நேரான கோடு, அடிமட்டம் வைத்துப் போட்டது. உங்கள் வம்சம் அந்தக் கோட்டில் இருந்துதான் ஆரம்பிக்கிறது தம்பி. அதைப் படம் பிடித்து அனுப்பினேன், நீ கட்டைவிரல் படம் ஒன்று போட்டாய்.

பிறகு நீ சொன்னாய், தோட்டத்துக் கந்தோரில் இருக்கும் என்று. ஸ்டேசனில் கோச்சி ஏறி நாவலப்பிட்டிக்குப் போய், அங்கிருந்து பஸ்ஸில், பஸ் நின்ற இடத்திலிருந்து நடந்து, ஊசிப்பாறைத் தோட்டத்துக்குப் போய்ச் சேர நானும் ரபீகாவும் மழையில் ஊறிய பப்படமாகிவிட்டோம். அங்கே கிளாக்கர் ஷப்ராஸ் என்று ஒரு நல்ல பிள்ளை. "அம்மா, கம்பியூட்டர்ல உள்ளது எல்லாம் இப்ப உள்ளவங்க. பழைய புத்தகமெல்லாம் கறையான் படிச்சிட்டு" என்றான். ஆனால் சுவரில் ஏழு வெள்ளைக்காரப் படங்கள் இருந்தன, அந்தக் காலத்து துரைமார். "மொகத்தப் பாத்து எடுங்களேன், ஒங்க ஆளு இதுல இருப்பாரு" என்றான். நான் பையிலிருந்து உன் அண்ணனின் படத்தை எடுத்தேன். மாலை போட்டு வைத்திருக்கிற அதே படம், சந்தனப் பொட்டோடு. ஒவ்வொரு துரைக்கும் பக்கத்தில் பிடித்துப் பார்த்தேன். காதைப் பார்க்கலாம் என்றால் ஏழு பேரும் தொப்பி போட்டிருக்கிறான்கள். கொழுந்து நிறுக்க வந்த பொம்பளைகள் எல்லோரும் வாசலில் கூடிவிட்டார்கள். "மூக்கு ரெண்டாவது ஆளோடது" என்றாள் ஒருத்தி. "இல்லக்கா, தாடையப் பாருங்க, கடைசி ஆளு" என்றாள் இன்னொருத்தி. "கடைசி ஆளுக்குத் தாடையே இல்ல, தாடிதான் இருக்கு" என்றாள் வேறொருத்தி. கூடையை இறக்கி வைக்காமலே நின்ற ஒரு வயசாளி, "எவனா இருந்தா என்ன தாயி, பேரு சொல்லிட்டுப் போகாத ஆளுதானே" என்று சொல்லிவிட்டுப் போனாள். எனக்கு அந்த இடத்திலேயே காத்தாயியை நினைத்து என்னவோ போல் ஆகிவிட்டது. அவளைத் தேட யாரும் துப்பவில்லையே.

ஷப்ராஸ் ஏழு பெயரையும் ஒரு கடுதாசியில் எழுதித் தந்தான். உனக்கு அனுப்பினேன். நீ இரண்டு நாள் கழித்து, "அண்ணி, ஆறு பேரு ஸ்கொட்லாந்து, ஒருத்தன் இங்கிலாந்து. ஒருத்தனும் அயர்லாந்து இல்ல" என்றாய். எனக்கு வெள்ளைக்காரன் வெள்ளைக்காரன்தான், அதற்குள் இவ்வளவு சாதி இருக்கிறது என்று எனக்கென்ன தெரியும். அப்போ நம்ம ஆள் துரையே இல்லை, பெக்டரியில் மெசின் பார்க்க வந்தவனாக இருக்கும், கல்லறைகளைப் போய்ப் பாருங்கள் என்றாய். இத்தனை வருஷமும் "நாங்க துரை வம்சம்" என்று உங்கள் அம்மா என்னிடம் காட்டிய கெப்பர் எல்லாம் அந்த ஒரு போனில் போயிற்று. அதில் மட்டும் எனக்குக் கொஞ்சம் சந்தோஷம்.

திரும்பவும் கோச்சி, திரும்பவும் பஸ், திரும்பவும் மழை. தோட்டத்துக்கு மேலே ஒரு பழைய சின்னக் கோயில், வெள்ளைக்காரர் கும்பிட்டது, பின்னால் இருபது முப்பது கல்லறை. ரபீகாவின் காலில் ஐந்து அட்டை, என் காலில் எட்டு. "அல்லாவே, ஒங்க புருஷன் வீட்டு ஆளுக்காக என் ரெத்தம் போகுது கஜா" என்றாள். அங்கே காவல் பார்க்கிற ஆள் ஒருவர் குடையோடு வந்தார். அயர்லாந்துக்காரன் யாராவது இருக்கிறானா என்று கேட்டோம். "இருக்காரு, வாங்க" என்று நேராக ஒரு மூலைக்குக் கூட்டிக்கொண்டு போனார். கல் முழுக்கப் பாசி, எழுத்து ஒன்றும் தெரியவில்லை. கற்பூரத்தை ஏற்றினேன், மழையில் அணைந்தது, திரும்ப ஏற்றினேன். அப்போதுதான் ரபீகா கல்லின் அந்தப் பக்கத்தில் ஒரு மலர்வளையத்தைப் பார்த்தாள். நாடாவில் இங்கிலீஷில் எழுதியிருந்தது. எழுத்துக் கூட்டி வாசித்தாள், ஒஸ்ரேலியாவில் இருந்து வந்த ஏதோ ஒரு குடும்பம், எங்கள் அன்புக் கொள்ளுப்பாட்டிக்கு என்று.

"இது பொம்பளையோட கல்லா?" என்று கேட்டேன்.

அந்த ஆள் கொஞ்சமும் கலங்கவில்லை. "வாறவங்க எல்லாம் ரொம்பத் தூரத்துல இருந்து வாறாங்கம்மா. வெறுங்கையோட எப்பிடி அனுப்புறது? எழுத்து அழிஞ்ச கல்லு இது ஒண்ணுதான். அதனால எல்லாருக்கும் இதத்தான் காட்டுறேன். ஒருத்தரும் கோவிச்சதில்ல, அழுதுட்டுத்தான் போறாங்க."

திட்ட வேண்டும் என்று வாயைத் திறந்தேன். திட்டு வரவில்லை, அழுகைதான் வந்தது. உன் அண்ணனை எரித்துச் சாம்பலை மகாவலியில் விட்டோம், அவருக்கு ஒரு கல்லும் இல்லை, பாசி பிடித்த கல்கூட இல்லை. போய் நின்று அழ ஒரு இடம் இல்லாமல்தான் நான் பதினொரு மாதமாக அடுப்படியில் நின்று அழுகிறேன். அந்த ஒஸ்ரேலியாக்காரக் கிழவியின் கல்லில் நன்றாக அழுதேன். அந்த ஆள் எனக்குக் குடை பிடித்தார். பிறகு ரபீகா பையிலிருந்து உப்பை எடுத்து அட்டைகளுக்குப் போட்டாள், இறங்கி வந்தோம். இது உன் டொக்யுமென்டின் கதை.

இவ்வளவுக்கும் பிறகு போன வெள்ளிக்கிழமை நீ போனில் சொன்னாய், "அண்ணி, இருக்கிறதே ரெண்டு கிழமை லீவு. அந்த லீவுல அயர்லாந்துக்கே போய்ப் பாத்துட்டா என்னன்னு யோசிக்கிறேன். திவசத்துக்கு வீடியோல நிக்கிறேனே." நான் போனை வைத்துவிட்டேன். முதல் தடவையாக நான் வைத்தேன், கவனித்தாயா? பெயர் தெரியாத ஒருவன் பிறந்த ஊரைப் பார்க்க உனக்கு லீவு இருக்கிறது. சப்பாத்து வாங்கித் தந்து, படிக்க வைத்து, விமானமேற்றிவிட்ட அண்ணனுக்கு ஒரு கை தண்ணீர் விடும் இடத்தில் நிற்க லீவு இல்லை. வீடியோவில் நிற்கிறானாம். ஐயர் பிண்டத்தையும் வீடியோவில் வைப்பாரா என்று கேட்டுச் சொல்கிறேன்.

ஆகவே முடிவாக எழுதுகிறேன். இன்றைக்கே காரை எடு, டயர் இருந்தாலும் இல்லாவிட்டாலும். பழைய ஐயரிடம் போய், என் அண்ணன் உங்கள் காதில் சொன்ன மூன்றாவது பெயர் என்ன என்று கேள். அந்தப் பெயரை எடுத்துக்கொண்டு பதினெட்டாம் திகதிக்கு முன்னால் வந்து சேர். பெயர் இல்லாமல் என் வாசற்படியை மிதிக்காதே. அப்படியே அயர்லாந்துக்குப் போய், அங்கேயே இரு. உன் அண்ணிக்கு ஒரு கொழுந்தன் இருந்தான் என்பதை நான் மறந்துவிடுகிறேன்.

உன் சம்சாரத்துக்கும் பிள்ளைகளுக்கும் என் ஆசீர்வாதம். சின்னவளுக்குப் பல் விழுந்ததாமே, புதுப்பல் வரிசையாக முளைக்கட்டும். பெரியவன் நன்றாகப் படிக்கட்டும், யாருக்கும் துப்பாமல் இருக்கட்டும். உனக்கும் ஆசீர்வாதம். கோபத்தில் தந்தாலும் அது பலிக்கும்.

இப்படிக்கு,
மிகவும் மனம் நொந்த அண்ணி,
கஜலட்சுமி.

பின்குறிப்பு: இதை எழுதி மடித்து வைத்துவிட்டுச் சாயங்காலம் கோயிலுக்குப் போய், ஐயரிடம் அந்தத் துண்டைக் காட்டினேன். மூன்றாவது பெயர் கிடைக்கவில்லை, நீங்களே ஏதாவது ஒரு பெயரைப் போட்டுக்கொள்ளுங்கள் என்று சொல்லத்தான் போனேன். அவர் பார்த்துவிட்டு, "அம்மா, தண்ணி விடுறது ஆர்?" என்றார். மகன் என்றேன். "மகன்ர தகப்பன் ஆர்?" என்றார். என் வீட்டுக்காரர் என்றேன். "அவற்ர பேர் எங்க இதில?" என்றார். அவர் பெயர் எதற்கு, அவருடைய அப்பா, தாத்தா, பூட்டன் பெயர்தானே கேட்டீர்கள் என்றேன். "அது முப்பத்தொண்டில, அவரை அவையளோட சேர்க்கிறதுக்குக் கேட்டது. இப்ப அவர் சேர்ந்திட்டார் அம்மா. இனி மகனுக்கு அவர்தான் முதல் ஆள். மூண்டு பேருக்குத்தான் தண்ணி. மேலால ஒராள் வந்தா, கடைசி ஆளுக்கு விடுதலை" என்றார். பேனாவால் அந்த வெறும் கோட்டை வெட்டிவிட்டு, மேலே ஒரு கோடு போட்டு, துண்டை என்னிடமே நீட்டினார்.

வாயால் சொல்ல மாட்டேன், எழுதலாம்தானே. செல்லச்சாமி என்று எழுதினேன். கீழே முத்தையா, அதற்குக் கீழே வெள்ளையன். துண்டு நிரம்பிவிட்டது. ஐந்து மாதம் நான் கோச்சி ஏறித் தேடிய ஆளை, உன் அண்ணன் வந்து ஒரே நிமிஷத்தில் வரிசையை விட்டு வெளியே தள்ளிவிட்டார். வீட்டுக்கு வந்து அதை நினைத்துச் சிரிக்க ஆரம்பித்தேன், நிற்கவில்லை. நான் அழுகிறேன் என்று நினைத்து ரபீகா அடுப்பை அணைத்துவிட்டு ஓடி வந்தாள்.

மேலே எழுதியது எல்லாம் எழுதியபடியே இருக்கட்டும், திரும்ப எழுத எனக்குக் கை வலிக்கிறது. பழைய ஐயரிடம் போக வேண்டாம். பெயர் இல்லாமலே வா. ஒரு நாள் முன்னாலேயே வா, காலையில் பாண் வாங்கப் போக இந்த வீட்டில் ஆள் இல்லை.